சாரோன்விளையில் ஒரு மத்தியானத் தூக்கம்

இயேசு படகில் எழுந்து நின்று காற்றையும் கடலையும் அதட்டி அடக்கிய அந்தச் சம்பவத்தில் முக்கியமானது காற்று என்று கிறிஸ்தவ உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது தவறு. சம்பவத்தை எழுதிவைத்த சுவிசேஷகர்கள் மூன்று பேர். மூவரும் காற்றைச் சொல்கிறார்கள், அலையைச் சொல்கிறார்கள், சீஷர்கள் போட்ட கூச்சலைச் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் மட்டும், அதுவும் நால்வரில் ஆகச் சிறிய புத்தகத்தை எழுதியவர், படகின் பின்பக்கத்தில் ஒரு தலையணை இருந்தது என்றும் இயேசு அதில் தலைவைத்துத் தூங்கினார் என்றும் எழுதுகிறார். மீன்பிடிக்கிற படகில் தலையணைக்கு என்ன வேலை, அதை யார் கொண்டுவந்து போட்டது, ஈர வலைகளுக்கு நடுவே அது நனையாமல் எப்படி இருந்தது என்பவை உரையாசிரியர்கள் உரிய கவனம் செலுத்தாமல் விட்ட கேள்விகள். சாரோன்விளைக் கோயிலில் அந்தப் பகுதி தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டிருக்கிறது, பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளால் வேட்டியைக் கடலாக ஆட்டி நாடகமாகவும் போடப்பட்டிருக்கிறது. அத்தனைக்கும் பிறகு அந்தத் தலையணையை முதன்முதலாகக் காதில் வாங்கியவள் எப்சிபாய்தான். அதுவும் பிரசங்க நேரத்தில் அல்ல. ஆராதனை முடிந்து, வீட்டுக்கு வந்து, சேலையை மாற்றி, அடுப்பில் பாலை வைத்த பிறகு.

எப்சிபாய் கோயிலின் வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுகிறவள். நற்கருணைப் பாத்திரங்களைத் துலக்குகிறவள். சமைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று பெண்கள் ஒதுக்கிவைக்கும் கைப்பிடி அரிசியை வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறவள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவளுக்குப் பதவி எதுவும் கிடையாது, ஆகையால் சங்கத்தின் எல்லா வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் கணவர் தேவஇரக்கம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்; அந்த வீட்டில் ஒருவருக்காவது ஓய்வு அரசாங்க உத்தரவோடு வந்திருந்தது. எப்சிபாய்க்கு அப்படி உத்தரவு எதுவும் வராததால், பகலில் படுப்பதற்கு அவளுக்கு ஒரு தலைவலி தேவைப்பட்டது. தலைவலி வராத நாட்களில் அவள் படுக்கவில்லை. படுக்காமல் முடியாது என்ற நாட்களில் முதலில் நெற்றியில் ஒரு துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வலி வந்து சேரும்வரை காத்திருந்து, வந்த பிறகு நியாயமாகப் படுத்தாள். அப்போதும் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருக்க, "தூங்கலம்மா, சும்மா கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்பாள். கர்த்தர் தூங்குவதே இல்லை என்று சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்தாள். மாமியார் எழுந்து வேலை பார்க்கும் வீட்டில் படுத்துக் கிடக்கும் மருமகளின் கூச்சம் அவளுக்கு வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலை அடுப்பில் வைத்தவள், கோழிக்கறிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இயேசுவுக்குத் தலவலி இருந்திருக்குமோ?"

"எப்போ?" என்றார் தேவஇரக்கம், பேப்பரைத் தாழ்த்தாமல்.

"படகுல. தலகாணியில படுத்தாரே, அப்போ."

"அப்படி ஒண்ணும் எழுதலயே."

"அதான். எழுதல" என்றாள் எப்சிபாய், எழுந்து கையைக் கழுவினாள், அறைக்குள் போனாள், நெற்றியில் எதுவும் கட்டாமல் தலையணையில் தலைவைத்துப் படுத்தாள், வலி எதுவும் இல்லாமல், ஒருவருக்கும் காரணம் சொல்லாமல், தூங்கினாள்.

தேவஇரக்கம் காப்பி வரும் வரும் என்று இருந்து, விளம்பரங்களையெல்லாம் படித்து முடித்து, ஒருவழியாக அடுப்படிக்குப் போனபோது பால் பொங்கியிருந்தது. பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி விரல் உயரம் எழும்பி, வெள்ளைக் குடைபோல விரிந்து, அப்படியே நின்றிருந்தது. கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. ஒரு துளி வழியவில்லை. அவர் மின்வாரியத்தில் இருந்தவர் ஆகையால் எதையும் தொடாமல் முதலில் பார்த்தார், பிறகு அடுப்பை அணைக்கலாமா என்று யோசித்தார், அது எப்சிபாயின் அடுப்பு என்பதால் வேண்டாமென்று விட்டுவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவளாக விழித்து, கொட்டாவி விட்டபடி வந்து பார்த்ததும்தான், பால் மூச்சுவிட்டதுபோல மெல்ல அடங்கி இறங்கியது.

"அணைச்சிருக்கலாம்லா?" என்றாள் அவள்.

"அது உனக்காக நிக்குது. எனக்கு என்ன உரிமை?" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறும் அவள் படுத்தாள். பால் மட்டுமல்ல, அவள் எழுந்து கவனிக்க வேண்டிய எல்லாமே நின்றது. கொடியில் கிடந்த துணிகளை நனைக்க வந்த மழை தெருமுனைவரை வந்து, பன்னீர்ப்பூ மரத்தடியில், வீட்டுக்காரர் விழித்திருக்கிறாரா என்று தெரியாத விருந்தாளியைப்போலத் தயங்கி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் நனைந்தார்கள், இந்தப் பக்கம் நின்றவர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியாமல் மேலே குவிந்து பளபளத்தது. கைப்பிடி அரிசியைக் கேட்க வந்த சங்கச் செயலாளர் லில்லி டீச்சர் கேட்டைத் திறக்கக் கையை வைத்தவள், திறக்கத் தோன்றாமல், தான் ஏன் வந்தோம் என்பதும் மறக்காமல், கோபமும் வராமல், வெயிலில் நிம்மதியாக நின்றாள். அவள் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள், ஆகவே விதியைக் கண்டுபிடித்துச் சொன்னவளும் அவளேதான்: எப்சிபாய் அக்கா குற்றமுள்ள மனசில்லாமல் தூங்கினால், அக்காவை எழுப்பக்கூடிய காரியம் எதுவோ அது, அக்கா எழும்வரை பொறுத்துக்கொள்ளும்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. தண்ணீர் திராட்சரசமானதைப் படித்துத் தேர்வு எழுதிய ஊர் அது. பால் கொஞ்சநேரம் நிற்பதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவான கனிராஜ் ஐயரை மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. ஆவியின் வரங்கள் என்று பவுல் அப்போஸ்தலர் வரிசையாகச் சொல்லியிருக்கும் இடத்தில் தீர்க்கதரிசனம் இருந்தது, குணமாக்குதல் இருந்தது, பல பாஷைகள் இருந்தன, மத்தியானத் தூக்கம் இல்லை. கிரேக்க மூலத்திலும் தேடிப் பார்த்தார். அங்கும் இல்லை. "அவருக்கு விட்டுப்போயிருக்கலாம்" என்று சபைக் கமிட்டியில் அறிவித்தார், "அவருக்கு நேரம் இருந்திருக்காது. பயணம் அதிகம்."

ஏற்றுக்கொண்ட பிறகு ஊர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முதலில் வந்தவள் கடற்கரையிலிருந்து கூடையைச் சுமந்து வருகிற சலேத்தம்மாள். விதியின் உட்பொருளை லில்லி டீச்சரைவிட அவள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். ஐஸ் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்கூடையைக் கொண்டுவந்து எப்சிபாயின் வாசல்நடையில் இறக்கிவைத்தாள்.

"இங்க எதுக்கு வைக்க, சலேத்து?"

"யக்கா, இது இங்க இருந்து நாறிச்சின்னா யார் கழுவணும்?"

"நான்தான்."

"அப்போ நாறாதுல்லா. நீ போய்ப் படு."

மீன் சாயங்காலம்வரை கண்ணைத் திறந்துகொண்டு கடலில் இருந்ததுபோலவே கிடந்தது. அதன்பிறகு கல்யாண வீட்டுப் பூ வந்தது, புளிக்கக் கூடாத மாவு வந்தது, உருகக் கூடாத ஐஸ்கிரீம் வந்தது, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கட்டிமுடியாத வீட்டின் சிமெண்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, இது உங்கள் வாசலில் இறுகிப்போனால் நீங்கள்தானே அக்கா பெயர்த்தெடுக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டார். எப்சிபாய் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவள். கேட்டவர்கள் எல்லோருக்காகவும் படுத்தாள். ஞாயிறு போதாமல் புதன் படுத்தாள், புதன் போதாமல் சனி படுத்தாள். அவள் படுக்கும் நேரத்தை லில்லி டீச்சர் சாக்பீஸால் சங்கக் கட்டடத்தின் கரும்பலகையில் எழுதிப்போட்டாள், "சகோதரி எப்சிபாய்: ஊழியம்" என்று தலைப்புக் கொடுத்து. அந்தச் சொல்லைப் பார்த்த அன்று எப்சிபாய்க்கு, பல வாரங்களுக்குப் பிறகு, நெற்றியில் லேசாக வலித்தது.

ஊழியம் என்றான பிறகு அவளுக்குத் தூக்கம் வேலையாகிவிட்டது, வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்ற பயம் வந்தது, பயம் வந்ததும் தூக்கம் போனது. ஒரு சனிக்கிழமை அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, கொஞ்சம் குறட்டையும் சேர்த்து, தூங்குவதாக நடித்துக் கிடந்தாள். வெளியே சாளைமீன் கெட்டுப்போனது.

சலேத்தம்மாள் தெருவில் நின்று கத்தினாள்: "கள்ள உறக்கம் உறங்கியிருக்கா! எல்லாரும் கேளுங்க! கோயில் துணி துவைக்கிற கையி, கள்ள உறக்கம்!"

"அப்படிச் சொல்லாத, சலேத்து. நான் முயற்சி பண்ணினேன்."

"முயற்சி பண்ணித்தான் இப்படி ஆயிருக்கு!"

ஒரு பெண் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று ஒரு ஊர் கூடிக் குறை சொன்னது அந்தப் பக்கத்தில் அதுவே முதல்முறையாக இருக்கலாம். எப்சிபாய் வாசலைக் கழுவினாள். கழுவும்போது அழுதாள். முன்பு, படுத்தால் கர்த்தர் என்ன நினைப்பாரோ என்றிருந்தது. இப்போது, படுத்தும் தூங்காமல் கிடந்தால் என்ன நினைப்பாரோ என்றிருந்தது. இரண்டில் முந்தியதே தேவலை, அதற்குத் தலைவலி என்ற ஒரு மருந்தாவது இருந்தது. அன்று மாலை துண்டைத் தேடி எடுத்து மறுபடியும் நெற்றியில் கட்டிக்கொண்டாள். தேவஇரக்கம் அதைப் பார்த்தார். பேப்பரை மடித்துவைத்தார். மடித்துவைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் விரித்தார்.

அப்படியிருக்கும்போதுதான் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. கோயில் கட்டி அர்ப்பணித்த நாளின் நினைவாக வருடாவருடம் நடப்பது. அதன் கடைசியில் அசனம், அதாவது ஊர் முழுக்கக் கோயில் வளாகத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே பந்தியாகச் சாப்பிடும் விருந்து. வெளியூரில் வேலைபார்க்கும் பிள்ளைகள் அதற்கென்றே ரயில் ஏறி வருவார்கள். அந்த வருடம் காலையிலிருந்தே மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பந்தல்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கமிட்டி, நம்மிடம் எப்சிபாய் இருக்கும்போது தகரப்பந்தல் எதற்கு என்று தீர்மானித்து முன்பே அவரை வேண்டாமென்று சொல்லியிருந்தது. அசனத்துக்குப் பிறகு பாத்திரம் கழுவுவதும் வளாகத்தைப் பெருக்குவதும் எப்போதும் எப்சிபாய்தான் என்பதால், மழை பெய்து சேறாகிப்போனால் எழுந்து பாடுபட வேண்டியவள் அவளே, ஆகவே மழை நிற்கும் என்று லில்லி டீச்சர் விதியைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தாள்.

கனிராஜ் ஐயர் நேரில் வந்து கேட்டார். "அம்மா, ஒரு மூணு மணி நேரம். கர்த்தருக்காக."

"தூக்கம் வரலேன்னா, ஐயா?"

"ஜெபிக்கிறோம்மா. சபையே ஜெபிக்கும்."

ஜெபித்தார்கள். கோயிலை ஒட்டிய அறையில், ஐயர் அங்கி மாற்றும் இடத்தில், கட்டில் போட்டார்கள், விரிப்பு விரித்தார்கள், பெண்கள் சங்கம் பூவேலை செய்து கொடுத்த புதுத் தலையணையை வைத்தார்கள், மின்விசிறியை எந்த வேகத்தில் விடுவது என்று தேவஇரக்கத்திடம் கேட்டார்கள், பாட்டுக்குழுவை மெதுவாகப் பாடச் சொன்னார்கள், குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள், அறைவாசலில் லில்லி டீச்சர் நாற்காலி போட்டுக் காவலிருந்தாள். வெளியே பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்து இறங்கியது, சாம்பார் கொதித்தது, கத்தரிக்காய்க் கூட்டு மணத்தது. நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக உட்கார்ந்து, இலையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, வானத்தைப் பார்க்காத நேரத்தில் அந்த அறையின் ஜன்னலைப் பார்த்து, ஒரு பெண் தூங்க வேண்டுமென்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

எப்சிபாய் நெற்றியில் கட்டிய துண்டோடு கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். தலையணையின் பூவேலை பிடரியில் குத்தியது. ஊர் தன் மூச்சை எண்ணுவது அவளுக்குக் கேட்டது. கண்ணை இறுக மூடி அந்தப் படகை நினைத்தாள், எல்லாம் தொடங்கியது அங்கேதானே. படகின் பின்பக்கம். தலையணை. தூங்குகிறார். காற்று வருகிறது. அலை வருகிறது. பிறகு என்ன? பிறகு, தண்ணீர் படகுக்குள் வருகிறது, படகு நிரம்புகிறது, அவர் தூங்குகிறார். எப்சிபாய் கண்ணைத் திறந்தாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப்பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவர் தூங்கியதால் கடல் நிற்கவில்லை. அவர் தூங்கும்போதுதான் கடல் உள்ளே வந்தது. காற்றை அடக்கினது எழுப்பிவிட்டதற்கு அப்புறம், வேறு கதை. அதற்கு முன்னால் இருந்தது ஒரு நனைந்த படகும், அதில் நன்றாகத் தூங்குகிற ஒருவரும் மட்டும்தான். அந்தத் தூக்கத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. அவருடைய பிதா அதற்காக அவரைக் கோபித்ததாகவும் எழுதியிருக்கவில்லை.

"லில்லி" என்று கூப்பிட்டாள்.

லில்லி டீச்சர் பதறி எட்டிப்பார்த்தாள். "என்னக்கா, இன்னும் தூங்கலயா? பன்னீர்ப்பூ மரத்துகிட்ட வந்துட்டு மழ!"

"வரட்டும். நான் தூங்கப் போறேன்."

"அதத்தானக்கா நாங்களும் சொல்லுதோம்!"

"இல்ல. நான் தூங்குவேன். மழயும் வரும். அது வேற, இது வேற."

"அக்கா!" லில்லி கதவைப் பிடித்துக்கொண்டாள். "எலை போட்டாச்சுக்கா. சோறு எடுத்தாச்சு. ஊரே உங்கள நம்பி உட்கார்ந்திருக்கு."

"என்ன எதுக்கு நம்பணும்? உங்களுக்குக் கையிருக்கு, அண்டாவுக்குக் காதிருக்கு. தூக்கி உள்ள வைங்க."

"உள்ளன்னா? கோயிலுக்குள்ளயா? கோயிலுக்குள்ளயாக்கா சாம்பாரு?"

"கதவச் சாத்திட்டுப் போ, லில்லி. எனக்குக் கண்ணச் சொருகுது" என்றாள் எப்சிபாய், நெற்றித்துண்டை அவிழ்த்துக் கட்டிலுக்குக் கீழே போட்டாள், பூவேலை குத்தாதபடி தலையணையைத் திருப்பிப்போட்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

லில்லி டீச்சர் கதவருகே நின்று அவளைப் பார்த்தாள். குறட்டை உண்மையானது. நடிப்பதற்கு அது ரொம்பவும் ஒழுங்கில்லாமல் இருந்தது. லில்லிக்கு நிம்மதி வந்தது, விதிப்படி இனி மழை நிற்கும். அந்த நிம்மதியோடு வெளியே திரும்பியபோது முதல் துளி அவள் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

மழை தெருமுனையில் தயங்கவில்லை. மரத்தடியில் நிற்கவில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் நேராக வளாகத்துக்குள் வந்து, இலைகளில் வைத்திருந்த உப்பைக் கரைத்து, ஊறுகாயை மிதக்கவிட்டு, கமிட்டி உறுப்பினர்களையும் மற்றவர்களையும் ஒன்றுபோல நனைத்தது. ஒரு கணம் எல்லோரும் அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். "எழுப்புங்க!" என்று ஒரு குரல் கேட்டது. "முழிச்சிக்கிட்டுத்தான் கெடப்பா! எழுப்புங்க!" ஓடிப்போய்க் கதவின்முன் நின்றார் தேவஇரக்கம். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி ஊர் பார்த்ததில்லை; மழை அவர் வழுக்கையில் தெறித்தது.

"அவ தூங்குதா" என்றார்.

"தூங்கினா மழ எதுக்குவே பெய்யிது?"

"அத மழயிட்ட கேளும். இவள எழுப்பக் கூடாது."

கனிராஜ் ஐயர் ஜன்னல்வழியாக உள்ளே பார்த்தார். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, உலகத்தில் யாருக்கும் எதுவும் பாக்கியில்லாத ஒருத்தி தூங்குவதை அவர் பார்த்தார். பிறகு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார்.

"பிடியும்வே" என்றார் தேவஇரக்கத்தைப் பார்த்து. "அந்தப் பக்கம் பிடியும்."

கோயிலுக்குள் போனார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார்கள். எப்போதும் முன்பெஞ்சில் உட்காருகிறவர்கள் எது முன், எது பின் என்று தெரியாமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இலை நனைந்திருந்ததால் துடைக்க வேண்டியிருக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் பரிமாறினார்கள், பரிமாறிப் பழக்கமில்லாததால் ஒருவருக்கு மூன்று முறை கூட்டும் அடுத்தவருக்கு ஒன்றுமில்லாமலும் போனது, சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சலேத்தம்மாள் கத்தோலிக்கக் கோயில்காரி, ஆனாலும் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். அவள்தான் யாரும் சொல்லாமல் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாத்திரங்களைத் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீருக்குக் கீழே அடுக்கி, "ஏ டீச்சரு, நின்னு பார்த்தா போதுமா, தேங்காநார எடு" என்று லில்லியை விரட்டினாள். பாட்டுக்குழு, இனி மெதுவாகப் பாட வேண்டியதில்லை என்பதால், மழையை மிஞ்சிப் பாடியது. எப்சிபாய் எதற்கும் எழவில்லை. மழை விட்டு, மேற்கே வெளிச்சம் திரும்பி, வளாகத்துக் குட்டைகளில் குழந்தைகள் குதிக்கத் தொடங்கிய பிறகு, அவளாக எழுந்தாள், கதவைத் திறந்தாள், சேற்றையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள், தேவஇரக்கத்திடம், "பசிக்குதுங்க. மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. கோயிலின் முதல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உள்ளே, பலிபீடத்துக்குப் போகும் இரண்டாவது படியில், சாம்பார் சிந்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை, யாரும் தேய்க்காமல், இன்றும் இருக்கிறது.